மேசைப் பலகையின் பின்பக்கம்

என் முன்பற்களில் ஒன்று பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி விழுப்புரத்தில், என் கடைக்கு முன்னால் ஓடும் கால்வாயில் எங்கேயோ கிடக்கிறது. ஒரு வட்டச் செயலாளரின் மேசைக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு வரி அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் நேரில் வரவில்லை, ஆட்களை அனுப்பினார். வந்தவர்களில் ஒருவன் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்து முடித்த பிறகு என் வாயில் குத்தினான். படிக்காமலே அடித்த மற்றவர்களைவிட அவன் எவ்வளவோ மேல் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நான் செய்வது மேசைப் பலகைகள். தேக்குக் கட்டையை முக்கோணமாக இழைத்து, அதன் ஒரு சரிவில் பித்தளைத் தகடு பதித்து, தகட்டில் லேசர் மிஷினால் பேரையும் பதவியையும் பொறித்துக் கொடுப்பேன். கவுன்சிலர், ஒன்றியச் சேர்மன், கட்சிக்காரர், சங்கத் தலைவர் என்று யார் ஜெயித்தாலும், மாலை வாடுவதற்குள் என் கடைக்கு ஆள் வந்துவிடும். பேர் இருக்கும் சரிவு மனு கொடுக்க வந்தவர்களைப் பார்த்து இருக்கும். நாற்காலியைப் பார்த்த இன்னொரு சரிவு சும்மா கிடக்கும். அந்த வெற்றுக் கட்டை என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போகிறவர் தலைவர்தானே, அவருக்கும் படிக்க ஏதாவது வேண்டாமா? அங்கே ஒரு வரி பொறிக்க ஆரம்பித்தேன். அது இலவசம். என்ன வரி என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன். அது கடையின் வழக்கம்.

‘சிரிக்கவும். எதிரில் நிற்பவருக்கு ஓட்டு இருக்கிறது’ என்பது நிறையப் பேருக்குப் போட்டது. கூட்டத்தில் தூங்கிவிடும் ஒருவருக்கு, ‘தூக்கத்தில் தலையை ஆட்ட வேண்டாம். சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.’ எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பும் ஒருவருக்கு, ‘பார்க்கலாம் என்று சொல்லியாகிவிட்டது. இனி அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.’ வட்டச் செயலாளருக்கு நான் எழுதியது, ‘கட்சி மாறும்போது இந்தப் பலகையை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.’ அதற்குத்தான் அரைப் பல். அவர் பிறகு கட்சி மாறினார். பலகையையும் எடுத்துக்கொண்டுதான் போனார் என்று கேள்வி.

பல் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒன்றை எழுதாதே என்று யாராவது சொன்னால், அதை எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில். அந்த ஊராட்சி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, அவளைத் தலைவர் பதவிக்கு நிறுத்தினார். சுவரொட்டியில் அவள் படம் தபால்தலை அளவு, மாமா படம் கதவு அளவு. அக்கா வீடு வீடாகப் போய்க் கும்பிட்டாள். ஜெயித்தாள். பதவியேற்ற மறுநாள் ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் மாமா உட்கார்ந்தார். அக்கா பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஊரில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் அப்படித்தான் என்றார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அக்கா ஊமையில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். ஒரு தடவை தெருவில் என்னை அடித்த ஒருவனை விளக்குமாற்றோடு துரத்திக்கொண்டு போனவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு நாள் அவளை இடது கைச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கிய நிலையில் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். “கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்” என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கிணறே கிடையாது. இன்னொரு தடவை காதுக்குப் பின்னால் வீக்கம். கதவு இடித்துவிட்டதாம். அவள் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். சண்டைக்குப் போனால் அன்று இரவு அதற்கும் சேர்த்து வாங்குவாள் என்று அக்காவே என் கையைப் பிடித்துத் தடுத்திருந்தாள்.

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தே தீரவேண்டும் என்று எனக்கு வெறி பிடித்ததற்குக் காரணம் பஞ்சாயத்துச் சட்டம் அல்ல. ஊர் பார்க்க அங்கே உட்கார்ந்து பழகிவிட்டவளை, வீட்டுக்குள் இழுத்துப்போய் அடிக்க யாருக்கும் கை வராது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை சரியா தப்பா என்று யோசிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு எந்த நல்லது நடந்தாலும் தாய்வீட்டிலிருந்து சீர்த்தட்டு போகும். வளைகாப்பு, காதுகுத்து, புதுவீடு எதுவானாலும் அண்ணன் தம்பி தட்டோடு போய் நிற்கவேண்டும். தேர்தலில் ஜெயித்ததற்குச் சீர் உண்டா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. உண்டு என்று நானே முடிவு செய்தேன். புடவை ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு, பூ ஒரு தட்டு, நடுத்தட்டில் நான் செய்த மேசைப் பலகை. மேளம் வைத்து, பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக ஊராட்சி அலுவலகத்துக்கே கொண்டுபோனேன்.

சீராக வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது, எடுத்து மூலையில் போடவும் முடியாது. போட்டால் பெண்ணின் தாய்வீட்டையே வாசலில் நிறுத்தி அவமானப்படுத்தியதாகிவிடும். எங்கள் ஆட்கள் ஒருவரும் பிறகு அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இது மாமாவுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

பலகையின் முன்பக்கத்தில் அக்காவின் பேர், கீழே ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். “நானே வைக்கிறேன்” என்று மாமா அதை வாங்கி, மேசைமேல் ஊரைப் பார்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் பின்பக்கம் அவர் கண்ணில் பட்டது.

‘இந்த நாற்காலியில் தலைவரைத் தவிர யார் உட்கார்ந்தாலும் மூலம் வரும்.’

படித்து முடித்தார். எழுந்து வந்து என் தோளில் கை போட்டு, சிரித்த முகம் மாறாமல் காதருகில் சொன்னார். “மச்சான், உன் கைய ஒடச்சி உன் மிஷின்லயே உட்டுடுவேன்.”

“உடுங்க மாமா. லேசரு. ஃபினிஷிங் நல்லா வரும்” என்றேன். தோள்பட்டையில் அவருடைய விரல் நகம் பதிந்த இடம் நாலைந்து நாள் கன்றியிருந்தது.

அதன் பிறகு அவர் தன் செல்போனை அந்த வரியின்மேல் சாய்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஆனால் அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். எடுக்கும்போதெல்லாம் வரி தெரியும். அக்கா ஒரு நாள் கூப்பிட்டாள். “உங்க மாமா சேர்ல ஒரு பக்கமாவே உக்காந்துகினு இருக்காருடா. கொழம்புல காரம் வேணான்றாரு. தினமும் ராத்திரி வெந்தயம் ஊறவைக்கச் சொல்றாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருடமாக நான் கேட்காத சிரிப்பு. கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

மறுவாரம் போனபோது அவள் தோளில் ரவிக்கை மறைக்காத இடம் கருநீலமாக இருந்தது. என்ன என்றேன். “அரிசி மூட்ட சாஞ்சிடுச்சு” என்றாள். அடுக்களையில் ஒரு எவர்சில்வர் தட்டு நடுவில் மடங்கிக் கிடந்தது. அரிசி மூட்டை தட்டையும் மடக்கிவிட்டுப் போயிருக்கிறது. நான் வெளியே வந்து அவர் மோட்டார் சைக்கிளின் இரண்டு டயரையும் ஆணியால் குத்திவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். அது போதாது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அரசு அலுவலகங்களில் ஆயுத பூஜையை லீவுக்கு முன்தினமே போட்டுவிடுவார்கள். என் கடைப் பூஜை மறுநாள்தான் என்பதால், வழியில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். அவளுக்கு அது உயிர். ஊராட்சி அலுவலகம் நிறைந்திருந்தது. நூறு நாள் வேலைப் பெண்கள், குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள், தண்ணீர் டேங்க் ஆபரேட்டர், ஊராட்சிச் செயலாளர் எல்லாரும் இருந்தார்கள். உள்ளே சுவரோரம் மண்வெட்டி, கடப்பாரை, பைப் ரிஞ்ச், புதர் வெட்டும் அரிவாள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தது. அரிவாளின் பிடியில் யாரோ சாமந்திச் சரத்தைச் சுற்றியிருந்தார்கள். மேசைமேல் இருந்த பொருள்களை எல்லாம் அக்காதான் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

தீபாராதனை முடிந்தது. மாமா வாசலில் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தார். குங்குமம் கலந்த சதை வாசப்படி வரை தெறித்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, வேட்டியை ஒதுக்கி, நாற்காலியில் உட்கார்ந்தார். பொரியும் சுண்டலும் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. மேசைக்கு எதிரில் நின்ற ஒரு பெண் பலகையைப் பார்த்தாள். இன்னொருத்தியை இடித்தாள். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

“இந்த நாற்காலியில் தலைவரைத் தவிர யார் உட்கார்ந்தாலும் மூலம் வரும்.”

பலகை திரும்பியிருந்தது. அக்காவின் பேர் மாமாவைப் பார்த்து இருந்தது, அந்த வரி ஊரைப் பார்த்து இருந்தது. பொரி கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோனது. அப்போது நூறு நாள் வேலைக்கு வரும் ஒரு பெரிய அம்மா, வாயில் சுண்டலோடு, உண்மையான அக்கறையோடு கேட்டார். “ஏன் தம்பி, உனக்கு வந்துடுச்சா?”

அவ்வளவுதான். டேங்க் ஆபரேட்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செயலாளர் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், “துத்தி எலைய வதக்கிக் கட்டு தம்பி, கேக்கும்” என்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எவன் இத திருப்பி வச்சது?” என்று மாமா எழுந்தார். பார்த்தது என்னை. நான் வாயைத் திறப்பதற்குள் பீரோ பக்கமிருந்து குரல் வந்தது.

“நான்தாங்க” என்றாள் அக்கா. “தொடைச்சிப் பொட்டு வச்சிட்டு நான்தான் திருப்பி வச்சேன். அந்தப் பக்கம் இருந்தா நீங்க ஒருத்தர்தானே படிக்கிறீங்க.”

பலகையைத் தூக்கி அவள்மேல் வீசினார். தேக்குக் கட்டை. நான் இழைத்தது. அதன் கனம் என் கைக்குத் தெரியும். அவள் இடது புருவத்துக்கு மேல் அது பட்டபோது தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவள் பீரோவில் சரிந்தாள். ரத்தம் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கியது. இதுவரை அவர் என்று எழுதிவந்தேன். இனிமேல் அவன்தான்.

நான் மேசைமேல் ஏறி அவன்மேல் விழுந்தேன். என் முழங்கை அவன் மூக்கில் இறங்கியது. எலும்பு நகர்ந்தது முழங்கையில் தெரிந்தது. அவன் என் தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். மீண்டும் மோதினான். சுண்டல் அண்டா கவிழ்ந்தது. கட்டிப்பிடித்து உருண்டு வாசப்படிக்குப் போய், பூசணிச் சதையில் வழுக்கி, திரும்ப உள்ளேயே வந்து விழுந்தோம். அவன் என் தோளைக் கடித்தான். ஊர்ப் பெரிய மனிதன், எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரன், நாயைப்போலக் கடித்தான். நான் அவன் கழுத்தில் முட்டியை வைத்து அழுத்தினேன். அவன் முகம் கறுத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மடங்கிய சுண்டுவிரலுக்கு இது, கன்றிய தோளுக்கு இது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி அழுத்தினேன். கை எட்டும் தூரத்தில் அந்த அரிவாள் இருந்தது. எடுத்தேன். சாமந்தி இதழ்கள் அவன் முகத்தில் உதிர்ந்தன. அதை இறக்கியிருப்பேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

“பூஜைக்கு வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. கீழ வை.”

அக்காவின் குரல். ஆனால் அது பீரோ பக்கமிருந்து வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி நெற்றியில் அழுத்தியிருந்தாள். ரத்தம் முழங்கை வழியாக மேசைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் உடம்புக்குப் பழகிய நாற்காலி, அவளுக்கு அகலமாக இருந்தது. நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“வைன்னு சொல்றேன்ல.”

விளக்குமாற்றோடு துரத்திய அந்தக் குரல். வைத்தேன்.

“ரெண்டு பேரும் வெளிய போங்க. இது ஆபீஸு.”

அவன் மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “ஏறி ஒக்காந்துட்டியா? எறங்குடி” என்று அவளை நோக்கிப் போனான். அதுவரை சுவரோடு சுவராக நின்ற ஊராட்சிச் செயலாளர், என்ன நினைத்தாரோ, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தார். “குடிங்க தலைவரே” என்றார். அந்த வார்த்தையை அவளைப் பார்த்து அவர் சொல்வது அதுதான் முதல் தடவை. அவன் நின்றுவிட்டான். அதற்குள் நூறு நாள் வேலைப் பெண்கள் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். வைத்தியம் சொன்ன அம்மாவின் கையில் சுண்டல் கரண்டி இருந்தது. அவன் வெளியே போனான்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தையல் போட்டார்கள். எனக்கும் தலையில் ஒரு பக்கம் தையல். செய்தி கேட்டு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து சேர்ந்தார்கள். வராண்டாவில் நின்று நியாயம் பேசினார்கள். “பொண்டாட்டிய ஒரு அடி அடிக்கிறது எல்லா வூட்லயும் இருக்கிறதுதான். ஆனா சீர் வந்த பொருளத் தூக்கி அடிக்கலாமா? அது பெரிய தப்பு” என்றார் அவனுடைய பெரியப்பா. எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். சீருக்கு அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்று பேசி முடித்தே விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி அத்தனை பேரையும் அடிக்கலாமா என்று பார்த்தேன். அது சக்கரம் வைத்தது, பிடிக்குச் சரிப்படாது.

தகவல் போய் ஒரு போலீஸ்காரர் வந்தார். கட்டிலுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

“குடும்பத் தகராறுதானேம்மா? வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டா உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் பேஜாரு இல்ல.”

வராண்டாவில் பேச்சு நின்றது. எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். கிணத்தடி, கதவு, அரிசி மூட்டை எல்லாம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

“விழல சார்” என்றாள் அக்கா. “அடிச்சாரு.”

“யாரு, வூட்டுக்காரரா?”

“ஆமா. ஆனா பொண்டாட்டிய அடிச்சாருன்னு எழுதாதீங்க. ஊராட்சித் தலைவர ஆபீஸ்ல வச்சி, வேலை நேரத்துல அடிச்சாருன்னு எழுதுங்க. பாத்தவங்க எல்லாம் வெளிய நிக்கிறாங்க. ஒருத்தர் உடாம பேரு குடுப்பாங்க.”

அவர் எழுதினார். எழுதி முடித்து, “வேற எதுனா இருக்கா?” என்று மூடியைத் திருகப்போனார். அக்கா இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, மடங்கி ஒட்டிய சுண்டுவிரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“இதையும் எழுதுங்க. எங்க வூட்ல கெணறு இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. வராண்டாவில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவன் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். மூக்கெலும்புக்காக என்மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொன்னபோது அக்கா, “அதுவும் நியாயந்தானேடா” என்றாள். பழைய பலகை சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்தில் இருக்கிறது. அங்கே எந்தப் பக்கத்தை யாரைப் பார்த்து வைத்திருக்கிறார்களோ தெரியாது.

போன மாதம் கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம் என்று அக்கா விழுப்புரம் வந்தாள். கூட்டம் முடிந்து என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். புருவத்துக்கு மேல் தழும்பு, அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. புதுப் பலகை ஒன்று வேண்டும் என்றாள். பின்பக்கம் சும்மா விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். இத்தனை நடந்த பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏன், அந்த வரிக்கு இன்னா? ரெண்டு பக்கமும் அதையே போடு” என்றாள்.

“பேரு?”

“பேரு ஊருக்கே தெரியும்.”

போட்டுக் கொடுத்தேன். சீர்த்தட்டில் வைத்து எடுத்து வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தேக்குக் கட்டையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள்.